டென்டா, கேம்பர் வேனா? கொழும்பிலிருந்து கேம்பிங் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேம்பிங் போவதென்று பேச்சு எழுந்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது யூடியூப் பார்ப்பதுதான். அமெரிக்காவிலோ அவுஸ்திரேலியாவிலோ யாரோ ஒருவர் பெரிய மோட்டார்ஹோம் ஒன்றின் கதவைத் திறந்து காட்டுவார். உள்ளே கட்டில், குசினி, ஷவர், ஏசி எல்லாம் இருக்கும். பார்த்து முடித்ததும் வீடு இரண்டு கட்சியாகப் பிரியும். "வேனே எடுப்போம், மழைக்கும் பயமில்லை" என்று ஒரு கட்சி. "டென்ட் போதும், மிச்சக் காசுக்கு நல்லாச் சாப்பிடலாம்" என்று மற்றக் கட்சி.

அந்த வீடியோக்கள் வண்டியைக் காட்டுகிற அளவுக்கு வண்டி நிற்கும் இடத்தைக் காட்டுவதில்லை. அங்கே பல கேம்ப் தளங்களில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மின்கம்பமும் ஒரு தண்ணீர்க் குழாயும், கழிவுநீரைக் கொட்டத் தளத்தில் ஒரு குழியும் இருக்கும். ஏசி இரவெல்லாம் ஓடுவது அந்த மின்கம்பத்தால். டொய்லட் நாறாமல் இருப்பது அந்தக் குழியால். இலங்கையில் அப்படி வசதி செய்த தரிப்பிடங்கள் வழக்கத்தில் இல்லை. அதே வண்டியைக் கொண்டுவந்து கித்துல்கலயில் நிறுத்தினால் அது சூடான ஒரு தகரப் பெட்டிதான்.

அதனால் இந்த வழிகாட்டியில் டென்டா வேனா என்ற கேள்வியைக் கொஞ்சம் பிந்தியே எடுக்கிறேன். எந்த மாதம், எந்த ஊர், இரவு எங்கே படுப்பது, யார் யார் வருகிறார்கள் என்பதையெல்லாம் ஒழுங்காக முடிவுசெய்தால் அந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும்.

முதலாவது படி: மாதத்தையும் திசையையும் முடிவுசெய்யுங்கள்

தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. இந்தக் காலத்தில் கொழும்பு, காலி, இரத்தினபுரி, கித்துல்கல, மலைநாட்டின் மேற்குப் பக்கம் எல்லாம் நனையும். அதே மாதங்களில் நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பே பக்கம் வெயில்; முதல் இரண்டிலும் கடலும் அமைதி. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. அப்போது கிழக்கும் வடக்கும் நனையும், தெற்கும் மேற்கும் காயும். இடையில் வரும் மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை எங்கும் வரலாம். இவற்றில் ஒக்டோபரும் நவம்பரும் மோசம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் காலம் அது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டுப் பாதைகளை என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

மலைநாட்டுக்கு மழைக்காலத்தில் போகிறவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச செயலகப் பிரிவு வாரியாகப் போடுவார்கள். மஞ்சள் என்றாலே சரிவின் அடியில் டென்ட் அடிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வேனும் பாதுகாப்பில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தயில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் அப்படியே மண்ணுக்குள் போயின. மலை இறங்கி வந்தால் தகரம் என்ன, துணி என்ன.

மழையைப் போலவே காற்றும் முக்கியம். கல்பிட்டிக்கு ஆட்கள் காற்றுப்பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கப் போவது பெரும்பாலும் மே முதல் ஒக்டோபர் வரை, அந்தக் காற்றுக்காகத்தான். அந்தக் காலத்தில் அங்கே கடற்கரையில் சாதாரண டென்ட் போட்டால் இரவு முழுக்கத் துணி படபடவென்று அடிக்கும், நித்திரை வராது. 2022 போராட்டத்தில் காலிமுகத்திடலில் கூடாரம் அடித்து இருந்தவர்களைக் கேட்டால் கடற்காற்று எப்படி முளைகளைப் பிடுங்கும் என்று சொல்வார்கள்.

உயரமும் கணக்கு. 1,000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6 பாகை குறையும். கொழும்பில் இரவு 26 பாகை என்றால் 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் 14, 15 தான். ஏறத்தாழ 2,100 மீற்றரில் இருக்கும் ஹோட்டன் சமவெளியில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. கொழும்பில் போர்வை இல்லாமல் படுக்கிறவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

இரண்டாவது படி: இரவு எங்கே படுப்பது?

இதுதான் முழு விடயத்தின் முடிச்சு. "போய்ப் பார்த்து ஒரு நல்ல இடத்தில் நிறுத்துவோம்" என்பது இங்கே சரிவராது. நல்ல இடமாகத் தெரிவது ஒன்றில் வன இலாகா நிலமாக இருக்கும், அல்லது தோட்டக் கம்பனிக்குச் சொந்தமாக இருக்கும், அல்லது யானை நடக்கும் வழியாக இருக்கும்.

தேசியப் பூங்காக்களுக்குள் முகாமிட வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்பதிவு செய்ய வேண்டும். யால, வில்பத்து, உடவளவை, வஸ்கமுவ, ஹோட்டன் சமவெளி எல்லாவற்றுக்கும் அதுதான். நக்கிள்ஸ், சிங்கராஜ போன்ற காடுகள் வனத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. இரண்டின் தலைமையகமும் பத்தரமுல்லையில்தான்; வெள்ளவத்தையிலிருந்து ஒரு காலையில் போய்க் கேட்டுவிட்டு வரலாம். நீண்ட வார இறுதிகளும் பாடசாலை விடுமுறையும் வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். யாலவின் முதலாம் வலயம் வழக்கமாக செப்டெம்பர் தொடங்கி வரட்சிக்காக மூடப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கேயே ஒரு பெரிய தீர்ப்பு விழுந்துவிடுகிறது. வறண்ட வலயப் பூங்காக்களின் முகாம் தளங்களுக்குப் போகும் பாதை நான்கு சில்லும் இழுக்கும் ஜீப்புக்கானது. கட்டில் போட்ட வேனைக் கொண்டு அந்த மணலுக்குள் இறங்க முடியாது. காட்டுக்குள் படுக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் டென்ட்தான், வேறு பேச்சில்லை.

மற்றது தனியார் இடங்கள். பெலிஹுல்ஓயா, கித்துல்கல, ரிவர்ஸ்டன், எல்ல, அறுகம்பே, கல்பிட்டி பக்கங்களில் காணிக்காரர்களே முகாம் இடம் வைத்திருக்கிறார்கள். தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்விகள்: வேன் உள்ளே வர முடியுமா, வாசலில் உயரக் கட்டுப்பாடு உண்டா, நிறுத்தும் இடம் சமதரையா, கழிப்பறை எத்தனை அடி தூரம், இரவில் தண்ணீர் வருமா, ஒரு பிளக் பொயின்ட் தருவார்களா. கடைசிக் கேள்விக்கு "தரலாம்" என்று பதில் வந்தால் வேனின் மதிப்பு இரட்டிப்பாகிவிடும். ஒரு நீட்டு வயரும் ஒரு மேசை மின்விசிறியும் இருந்தால் எந்த பற்றரியும் தேவையில்லை.

கோயில் வளவு, தெரிந்தவரின் தென்னந்தோட்டம், உறவினர் வீட்டு முற்றம் ஆகியவற்றை நம்மவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. மன்னாரிலோ திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ ஒரு சித்தப்பா இல்லாத குடும்பம் குறைவு. அவர் வளவில் வேனை நிறுத்தி, அவர் கிணற்றில் குளித்து, காலையில் கடற்கரைக்குப் போகலாம். இதற்கு வேன் அருமையாகப் பொருந்தும். ஆனால் ஒன்று, "உள்ளே வந்து படுங்கோ" என்ற வற்புறுத்தலைச் சமாளிக்கும் தைரியம் வேண்டும்.

வீதியோரம், கடற்கரைத் தரிப்பிடம், பெற்றோல் நிலையம் போன்ற இடங்களில் நிறுத்திப் படுக்க வேண்டி வந்தால் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அடையாள அட்டையும் வண்டிப் பத்திரங்களும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இரவு 1 மணிக்கு யாராவது கண்ணாடியில் தட்டினால் விளக்கம் சொல்வது பல இடங்களில் தமிழில் நடக்காது என்பதையும் யோசித்து, சிங்களம் தெரிந்த ஒருவராவது குழுவில் இருந்தால் நல்லது.

மூன்றாவது படி: யார் வருகிறார்கள்?

இரண்டு, மூன்று நண்பர்கள் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. டென்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸிலோ ரயிலிலோ கூடப் போகலாம். வேனுக்கு இல்லாத சுதந்திரம் அது.

கைக்குழந்தை, சர்க்கரை வருத்தக்காரர், முழங்கால் நோ உள்ள பெரியவர் என்றால் கதை வேறு. இரவில் இரண்டு, மூன்று தரம் எழும்ப வேண்டியவருக்குத் தரையிலிருந்து எழும்புவதே பெரிய வேலை. குனிந்து சிப்பைத் திறந்து, செருப்பைத் தேடி, ரோச் அடித்து, இருட்டில் நடந்து போய்வர வேண்டும். வேனில் கதிரை உயரத்தில் படுக்கை. கதவைத் தள்ளினால் கால் நிலத்தில். இந்த ஒரு காரணத்துக்காகவே பல குடும்பங்களுக்கு வேன் சரியான தெரிவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொழும்பில் இருக்கும் பல வடக்குக் குடும்பங்களில் போரில் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே மாதக்கணக்கில் இருந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கூடாரத்தில் படுப்பது ஜாலியாக இருக்கும் என்று சொன்னால், "உதுக்குக் காசு குடுத்தே போறியள்?" என்று ஒரு கேள்வி வரும். சிரித்துக்கொண்டு கேட்டாலும் அது வெறும் பகிடி இல்லை. கேட்காமல் டென்ட் பதிவுசெய்துவிடாதீர்கள். அவர்களுக்கு ஓர் அறை, பிள்ளைகளுக்கு முற்றத்தில் டென்ட் என்று கலந்தும் செய்யலாம்.

சரி, வேனில் குடும்பமாகத் தங்கிச் சமைத்துப் போவது நமக்குப் புதிதா? கதிர்காமத்துக்கு வேன் பிடித்து, பெரிய சட்டி, பாய், தலையணை, அரிசி மூட்டையுடன் போய் மாணிக்க கங்கைக் கரையில் சமைத்துச் சாப்பிட்டுத் திரும்புவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. கேம்பர் வேன் என்பது அந்தப் பயணத்தில் ஆசனங்களைக் கழற்றிக் கட்டிலைப் போட்டதுதான்.

நான்காவது படி: சூட்டில் நித்திரை வருமா?

தாழ்நிலத்தில் இரவு 26 பாகையும் வியர்வை காயாத ஈரப்பதமும். இதில் டென்ட், வேன் இரண்டும் சோதனைதான், ஆனால் வேறு வேறு மாதிரி.

இரண்டு தட்டு டென்டில் உள்தட்டு பெரும்பாலும் நுளம்புவலை. மழை இல்லாத இரவில் வெளித்தட்டைக் கழற்றிவிட்டால் நான்கு பக்கமும் காற்று வரும், நட்சத்திரமும் தெரியும். விலை குறைந்த ஒற்றைத் தட்டு டென்டுகள் உள்ளே மூச்சை அடைக்கும். விடியும்போது உங்கள் மூச்சு ஈரமே துணியில் படிந்து முகத்தில் சொட்டும். மழை ஒழுகுகிறது என்று பலர் நினைப்பது உண்மையில் இதுதான். காலை ஏழு மணிக்குப் பிறகு வெயில் பட்டால் எந்த டென்டிலும் படுத்திருக்க முடியாது. கிழக்குப் பக்கம் மரநிழல் விழும் இடமாகப் பாருங்கள்.

வேனின் இரும்புக் கூடு பகலெல்லாம் குடித்த சூட்டை முன்னிரவில் திருப்பித் தரும். கூரைக்கு வெப்பத்தடுப்புப் பூச்சோ தட்டோ இல்லாத வேன் பத்து, பதினொரு மணிவரை அடுப்புத்தான். கண்ணாடியை இறக்கினால் நுளம்பு. ஆகவே வாடகைக்கு எடுக்கும்போது கட்டிலின் அழகைப் பார்ப்பதற்கு முன்பு ஜன்னல்களுக்கு வலை இருக்கிறதா, கூரையில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் மலைநாட்டுக்கு மட்டும் கொண்டுபோங்கள்.

"ஏசி போட்டுப் படுப்போம்" என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ட், 100 அம்பியர்-மணி லித்தியம் பற்றரியில் ஏறத்தாழ 1,280 வோட்-மணி இருக்கும். 15 வோட் விசிறி இரண்டு, ஒன்பது மணித்தியாலத்துக்கு 270. சின்னக் குளிர்பெட்டி ஒரு நாளுக்கு 450 முதல் 500 வரை. விளக்கு, கைபேசிகளுக்கு இன்னொரு 100. மொத்தம் 870க்குள் வந்துவிடும். ஓர் இரவு நிம்மதி, மறுநாள் வண்டி ஓடினாலோ கூரையில் சூரிய பலகை இருந்தாலோ திரும்ப நிரம்பும். ஆனால் 600 வோட் எடுக்கும் சிறிய ஏசியை அதே பற்றரியில் போட்டால் இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது. எஞ்சினை ஓடவிட்டுப் படுப்பதைக் கனவிலும் செய்யாதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஐந்தாவது படி: பாதைக்குப் பொருந்தும் வண்டி

பெரிய அமெரிக்க மோட்டார்ஹோம்கள் பல 8 மீற்றருக்கும் மேல் நீளமானவை. இறம்பொடை வளைவுகளில் எதிரே ஒரு பஸ் வந்தால் அவை எங்கே ஒதுங்கும்? இங்கே கேம்பராக மாற்றப்படுபவை மூன்று அளவில் வருகின்றன.

சுசுக்கி எவ்ரி போன்ற குட்டி வேன்கள் 3.4 மீற்றர் நீளம். இரண்டு பேர் படுக்கலாம், எழும்பி நிற்க முடியாது. எந்த மலைப் பாதைக்கும் போகும், பெற்றோலும் குறைவாகக் குடிக்கும், ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அடுத்தது டொயோட்டா ஹையேஸ்: டொல்பின், கே.டி.எச். என்று நாம் அழைக்கும் வகைகள். சாதாரண உடல் கே.டி.எச். ஏறத்தாழ 4.7 மீற்றர் நீளம், 1.7 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம். பின்பக்கத்தில் இரண்டு பெரியவர்கள் நீட்டி நிமிர்ந்து படுத்து, ஒரு பிள்ளையையும் சேர்க்கலாம். என்னைக் கேட்டால் கொழும்புக் குடும்பத்துக்கு இதுதான் அளவு. மூன்றாவது, கோஸ்டர், ரோசா போன்ற சிறிய பஸ்கள். உள்ளே நிற்கலாம், சமைக்கலாம். ஆனால் பஸ் போகும் பாதைக்கு மட்டும்தான் அதுவும் போகும்.

நக்கிள்ஸ் மலைக்குள் இருக்கும் மீமுரே கிராமத்துக்குப் போகும் கடைசிப் பகுதி இவை எதற்கும் ஏற்றதல்ல. ஹுன்னஸ்கிரியவில் வேனை விட்டு ஜீப் பிடிப்பது புத்தி. மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். தண்ணீர், காஸ், கட்டில், சாமான் எல்லாம் ஏற்றிய வேன் வெறும் வேனைப் போல நிற்காது. 60 லீற்றர் தண்ணீர் என்றால் 60 கிலோ.

ஆறாவது படி: காசு

எந்தப் பொருளின் விலையையும் ஓர் இரவுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, டென்ட், மெத்தை, அடுப்பு, விளக்கு எல்லாம் சேர்த்து 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்தில் பன்னிரண்டு இரவு படுத்தால் இரவுக்கு 5,000, அதற்கு மேல் தள வாடகை. வேன் வாடகையில் நாள் வாடகை, எரிபொருள், கிலோமீற்றர் எல்லைக்கு மேலான கட்டணம், சாரதி வந்தால் அவருடைய சாப்பாடும் படுக்கையும், திருப்பித் தரும் வைப்புப் பணம் எல்லாம் சேரும். சாரதி எங்கே படுப்பார் என்பதைப் பலர் கடைசி நிமிடம்வரை யோசிப்பதில்லை. அவருக்குத் தனி டென்டோ ஓர் அறையோ வேண்டும்; முன்னாசனத்தில் சுருண்டு படுத்தவர் அடுத்த நாள் மஹியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவில் உங்களை ஓட்டிக்கொண்டு வரக் கூடாது.

வாங்குவதா? 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது, வரியோ தலைக்கு மேல். பழைய வேனை வாங்கி மாற்றுவதென்றால் ஆசனங்களைக் கழற்றுவது, கூரையை வெட்டுவது எல்லாம் பதிவில் உள்ள வண்டியை மாற்றுவதாகும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் அனுமதி கேளுங்கள், காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். விபத்து நடந்த பிறகு "இந்தக் கட்டில் எப்போது வந்தது?" என்ற கேள்வி வராமல் இருக்க இது ஒன்றுதான் வழி.

பிறகு, நிறுத்தும் இடம். பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ தொடர்மாடியில் ஒரு வீட்டுக்கு ஒரு தரிப்பிடம் கிடைப்பதே பெரிய காரியம். அதில் காரை வைப்பதா வேனை வைப்பதா? நிலக்கீழ்த் தரிப்பிட வாசலில் 2.1 மீற்றர் என்று எழுதியிருந்தால் உயர்கூரை வேன் உள்ளேயே போகாது; கூரைமேல் டென்ட் பொருத்திய ஜீப்புக்கும் அதே கதி. டென்டோ அலுமாரிக்கு மேல் போய்விடும். வருடத்துக்கு இரண்டு, மூன்று பயணம் போகிறவர்கள் வேனை வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.

டென்ட் என்று முடிவானால்

பெட்டியில் "நான்கு பேர்" என்று போட்டிருந்தால் இரண்டு பெரியவர்களும் ஒரு பிள்ளையும் என்று படியுங்கள். வெளித்தட்டுத் துணி எத்தனை மி.மீ. உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதுதான் நீர்த்தாங்கும் அளவு; அது 3,000 மி.மீ. இருந்தால் நம் மழைக்குத் தாங்கும். 1,000 என்றால் அது மைதானத்தில் நிழலுக்கு. கீழ்த்தட்டுக்கு அதைவிடக் கூடுதலாக இருப்பது நல்லது. வெளித்தட்டு நிலம்வரை இறங்க வேண்டும், தொப்பி போலத் தலையை மட்டும் மூடினால் சாய்மழை உள்ளே வரும். கம்புகள் அலுமினியமாக இருந்தால் நல்லது. ஃபைபர்கிளாஸ் கம்பு பிளந்தால் சிலாம்பு கையில் ஏறும், ஒரு சுருள் ஒட்டுநாடா கூடவே இருக்கட்டும். கீழே விரிக்க ஒரு தறப்பாள், கயிறு, கூடுதல் முளைக்கம்பிகள் எல்லாம் புறக்கோட்டையில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். விரிக்கும் தறப்பாள் டென்டின் தரையைவிட ஒரு சாண் சிறிதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் மழைநீரைப் பிடித்து உங்களுக்குக் கீழே தேக்கிக் கொடுக்கும்.

புறப்படுவதற்கு முதல் வாரம் மொட்டை மாடியில் ஒரு தரம் அடித்துப் பாருங்கள். முளை இறங்காது; நான்கு மூலையிலும் தண்ணீர்ப் போத்தல் கட்டுங்கள். குழாயைத் திருப்பிக் கால் மணித்தியாலம் தண்ணீர் அடித்துவிட்டு உள்ளே போய்த் தையல் வழியாக விரலை ஓட்டுங்கள். ஈரம் தட்டும் இடத்தில் தையல் பசை பூசிக் காயவிட்டால் போதும். இருட்டிய பிறகு இன்னொரு தரம், ரோச் வெளிச்சத்தில் அடித்துப் பழகுங்கள். கொழும்பு வாகன நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேரும்போது பெரும்பாலும் இருட்டித்தான் இருக்கும்.

இடம் பார்ப்பதில் சில கண்டிப்பான விதிகள். தென்னைக்குக் கீழே வேண்டாம், காய்ந்த கொப்புக்குக் கீழேயும் வேண்டாம். களனி கங்கையின் மணல்திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் படுக்காதீர்கள். மேலே நோர்வூட், ஹட்டன் பக்கம் பெய்த மழை கித்துல்கலயில் வானம் தெளிவாக இருக்கும்போதே ஆற்றை உயர்த்தும். வறண்ட வலயத்தில் குளக்கரை, யானை லத்தி கிடக்கும் இடம், புல் ஒரே பக்கமாக மிதிபட்டுச் சாய்ந்த வழி எல்லாம் யானைக்கு விட்டுக்கொடுக்க வேண்டியவை. உப்பு, பழம், அரிசி எதையும் டென்டுக்குள் வைக்க வேண்டாம். யானையின் மூக்குக்கு அந்தத் துணி ஒரு பொருட்டே இல்லை. காவலர் எங்கே சொல்கிறாரோ அங்கேயே அடியுங்கள். கல்பிட்டி, மன்னார் மணலில் முளை நிற்காது. உரப்பையில் மணல் நிரப்பிக் கயிறு கட்டி முழங்கை ஆழத்தில் புதைத்தால் அசையாது.

சப்பாத்தைக் கழற்றி உள்ளே வையுங்கள், சிப்பை எப்போதும் மூடுங்கள். நக்கிள்ஸில் மழைக்குப் பிறகு அட்டை ஏறும். அட்டைக் காலுறையும் கொஞ்சம் உப்பும் போதும்.

வேன் என்று முடிவானால்

முதல் தரம் ஓர் இரவுக்கு மட்டும் எடுங்கள், தூரமும் குறைவாக இருக்கட்டும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றரில் இருக்கும் கித்துல்கல நல்ல சோதனை.

வைப்புப் பணம் கட்டுவதற்கு முன்பு கட்டிலில் உண்மையாகவே படுத்துப் பாருங்கள், இருவரும் ஒரே நேரத்தில். வெட்கப்பட வேண்டாம். குளிர்பெட்டியைப் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருந்து, குளிர்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். உதிரி டயரில் காற்று, ஜாக்கி, வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் பாருங்கள். காப்புறுதி வாடகைக்கு விடுவதையும் உள்ளடக்குகிறதா என்பதை வாயால் கேட்டால் போதாது, பத்திரத்தில் காட்டச் சொல்லுங்கள். இருக்கும் கீறல், நசுங்கல் எல்லாவற்றையும் உரிமையாளர் பார்க்கும்போதே வீடியோ எடுங்கள்.

காஸுக்கு 2.3 கிலோ சிலிண்டர் அளவானது. நிமிர்த்திக் கட்டி, படுக்கைக்கு விலகி வையுங்கள். சமையல் வெளியே, பின்கதவைத் தூக்கி அதன் நிழலில். படுக்கப் போகும்போது சிலிண்டரின் வாயை மூடிவிட்டுப் படுங்கள். உள்ளே நுளம்புத்திரி கொளுத்துவதும் வேண்டாம்.

டொய்லட் விடயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். வேனில் கையில் தூக்கும் டொய்லட் இருந்தால் யாராவது ஒருவர் அதை ஒவ்வொரு நாளும் ஒரு கழிப்பறைக்குள் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவ வேண்டும். ஆற்றிலோ வடிகானிலோ கொட்டக் கூடாது. அந்த ஒருவர் யார் என்று வீட்டிலேயே பேசி முடியுங்கள். என் கணிப்பில், தளத்தில் கழிப்பறை இருந்தால் அதை இரவு அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டும் சேர்ந்தால்

நான்கு, ஐந்து பேர் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்: வழக்கமான வாடகை வேன் ஒன்று, பக்கத்தில் ஒரு டென்ட். பெரியவர்கள் வேனுக்குள் மெத்தை விரித்துப் படுக்க, பிள்ளைகள் டென்டில். மழை பிடித்தால் எல்லோரும் வேனுக்குள் ஏறி உட்காரலாம். வேனின் கூரையிலிருந்து தறப்பாளைச் சாய்த்துக் கட்டினால் குசினி ரெடி. கட்டில், குளிர்பெட்டி வைத்த கேம்பர் வேனைவிட இதற்கு வாடகை குறையும். குளிர்பெட்டி இல்லை என்று கவலை வேண்டாம்: பாணும் சீனிச்சம்பலும் முதல் இரண்டு நாளைத் தாங்கும், நெத்தலிக் கருவாடு அதற்குப் பிறகும் தாங்கும்.

புறப்படும் முன்பு எல்லோருடைய கைபேசியிலும் இந்த இலக்கங்களைப் போட்டு வையுங்கள்: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, வனஜீவராசிகள் 1992. ஹோட்டன் சமவெளி வாசலில் பொலித்தீனைச் சோதித்து எடுத்துவிடுவார்கள், சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள்.

திரும்பி வந்த பிறகு

வேன் என்றால் கழிவுநீரையும் குடிநீர்த் தொட்டியையும் காலியாக்கி, குளிர்பெட்டியைத் துடைத்து, அதன் கதவைத் திறந்தபடி ஒப்படையுங்கள். வைப்புப் பணம் முழுதாகத் திரும்பும் வாய்ப்பு கூடும்.

டென்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. ஈரத்தோடு சுருட்டிப் பையில் வைத்துவிட்டால் கொழும்பின் புழுக்கத்தில் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடிக்கும். அதைவிட மோசம், உள்பக்கத்து நீர்த்தடுப்புப் பூச்சு சூட்டிலும் ஈரத்திலும் மெல்ல மெல்லச் சிதைந்து, ஒருநாள் விரித்தால் பசை போல ஒட்டும். அதற்குத் திருத்தம் இல்லை. கடற்கரைக்குப் போயிருந்தால் நல்ல தண்ணீரில் உப்பை அலசி, சிப்பின் பற்களில் சிக்கிய மணலைப் பழைய பல் தூரிகையால் தட்டி எடுத்து, மாடிக் கொடியில் நிழலில் காயப்போடுங்கள். தையல்கள்தான் கடைசியாகக் காயும், தொட்டுப் பார்த்து எடுங்கள். பிறகு அதன் சின்னப் பைக்குள் திணிக்காமல், பழைய தலையணை உறை ஒன்றில் தளர்வாகப் போட்டு அலுமாரி மேல் வையுங்கள். முளைக்கம்பிகளை எண்ணிப் பார்த்து, குறைந்ததை அடுத்த தரம் புறக்கோட்டைப் பக்கம் போகும்போது வாங்கிப் போடுங்கள்.